அமேசானும் ஈபேயும்: இணையச் சந்தையின் இரு வழிகள்

வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்த அமெரிக்காவின் என்.எஸ்.எஃப்.நெட் எனும், அரசு நிதியில் இயங்கி இணையப் போக்குவரத்தைச் சுமந்த முதுகெலும்பு வலையமைப்பு 1995 ஏப்ரலில் மூடப்பட்டது; அதோடு அந்தக் கட்டுப்பாடும் நீங்கியது. அதே ஆண்டில் இரு வேறு வணிக முறைகள் இணையத்தில் வேரூன்றின. ஜூலையில் புத்தக விற்பனையைத் தொடங்கிய அமேசான், பொருளை மொத்த விற்பனையாளரிடம் வாங்கித் தானே கட்டி அனுப்பியதால், குறை நேர்ந்தால் பொறுப்பும் அதனுடையதாகவே இருந்தது.

செப்டம்பரில் பியர் ஒமிடியார் தொடங்கிய, பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற ஏலத்தளமோ சரக்கு எதையும் வைத்திருக்கவில்லை. அங்கே முதலில் ஏலம் போனது, 14.83 டாலருக்கு, ஒரு பழுதடைந்த லேசர் சுட்டி. முகமறியாதவருக்குப் பணம் அனுப்பும் அச்சத்தை, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையால் அது தணித்தது; இணைய வணிகத்துக்குக் கிடைத்த பெருங்கொடை இதுவே என்பது என் துணிபு. புதிய பொருள் உரிய நேரத்தில் வேண்டுவோருக்கு முதல் வழியும், அரிய பொருள் தேடுவோருக்கு இரண்டாவதும் பொருந்தும். 2000-இல் அமேசானே பிற விற்பனையாளர்களுக்குத் தன் தளத்தைத் திறந்துவிட்டது.