ஜப்பானோட யாகுஷிமா தீவுக்கு கேமரா வாடகைக்கு எடுத்த அல்சூர் கடை: மழைக்காட்டுக்கு போறவங்க கண்டிப்பா இங்க கேளுங்க

பெங்களூர்ல கேமரா வாடகைக்கு குடுக்கற இடம் நெறய இருக்கு, ஆனா வெளிநாட்டுக்கு கொண்டுபோறேன்னு சொன்னதும் பாதி பேர் கைய விரிச்சிடறாங்க. இந்தக் கடை அல்சூர் ஏரிக்கு பக்கத்து சந்துல, ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடில இருக்கு. பாஸ்போர்ட் காப்பி, டிக்கெட் காப்பி, டெபாசிட், அவ்வளவுதான் கேட்டாங்க. கேமராவோட சீரியல் நம்பர் போட்டு லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டரும் குடுத்தாங்க, அத வச்சு ஏர்போர்ட்ல கிளம்பறப்பவே கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிட்டா திரும்பி வர்றப்ப டியூட்டி பிரச்சனை வராதுன்னு கடைக்கார அண்ணாவே சொல்லிக் குடுத்தார்.

ஆனா நான் இத எழுத காரணம் லெட்டர் இல்ல. எத்தன நாளுக்கு வேணும்னு கேக்கறதுக்கு முன்னாடி அவர் கேட்டது "எங்கம்மா போற, நடந்தா, வண்டியிலயா?"ன்னு. ஜப்பானோட தெற்குப் பக்கம் யாகுஷிமான்னு ஒரு தீவு, காகோஷிமா நகரத்துல இருந்து ஃபெர்ரில நாலு மணி நேரம், காட்டுக்குள்ள நடை, கரையோரமா சைக்கிள்னு சொன்னேன். மழை எப்படின்னு கேட்டார். நம்ம பெங்களூருக்கு வருஷத்துக்கு சராசரியா 1000 மில்லிமீட்டர் பக்கம்தான், அங்க கடலோர ஊர்லயே 4000க்கு மேல, மலை மேல 8000ஐ தாண்டும். மாசத்துல 35 நாள் மழைன்னே அங்க ஒரு சொலவடை இருக்கு. இதக் கேட்டுட்டு அவர் ஷெல்ஃப்ல இருந்த பெரிய சென்சார் இருக்கற, கனமான ஃபுல் ஃப்ரேம் கேமரா செட்ட தொடவே இல்ல. அதுக்குத்தான் வாடகை ஜாஸ்தி, தள்ளி விட்டிருந்தா நானும் எடுத்திருப்பேன். அவர் குடுத்தது ஓஎம் சிஸ்டம் கம்பெனியோட ஓஎம்-1 கேமரா, கூட 12-40 எஃப்2.8 ப்ரோ லென்ஸ்ல ரெண்டாவது வெர்ஷன். ரெண்டுக்கும் தூசியும் மழைச் சாரலும் தாங்கற ஐபி53 சீலிங், ரெண்டும் சேந்து ஒரு கிலோ கூட இல்ல.

அந்த எடையோட அருமை ஜோமோன் சுகிங்கற ரொம்ப பழைய மரத்துக்கு நடக்கறப்பதான் தெரிஞ்சது. நடை ஆரம்பிக்கற அரகாவால இருந்து போக வர 22 கிலோமீட்டர், பத்து மணி நேரம் ஆகும். பாதி தூரத்துக்கு மேல மரம் வெட்டி இறக்கின பழைய ரயில் தண்டவாளத்து மேலதான் நடை, நடுவுல போட்டிருக்கற பலகை மழைல வழுக்கும். மரம் 16.4 மீட்டர் சுத்தளவு. வயசு 2000ல இருந்து 7000 வருஷம் வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வேர மிதிக்கக்கூடாதுன்னு தள்ளி கட்டின மேடைல இருந்துதான் பாக்க முடியும், கிட்ட போக விடமாட்டாங்க, அதுதான் சரியும் கூட.

ஃபில்டர் விஷயத்துலயும் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. "சிபிஎல் இல்லாம போகாத, நனைஞ்ச இலை எல்லாம் வெள்ளையா மினுக்கும்"னார். சிபிஎல்னா லென்ஸ் முன்னாடி மாட்டி திருப்பற, பளபளப்ப குறைக்கற ஃபில்டர். ஷிராதானி உன்சுய்க்யோங்கற பாசிக் காட்டுப் பள்ளத்தாக்குல பாறை, வேர், விழுந்த மரம்னு எல்லாத்து மேலயும் பாசி, அது மேல தண்ணி. ஃபில்டர மெதுவா திருப்பினா அந்த வெள்ளைப் பூச்சு அப்படியே வழிஞ்சு போயி உள்ள இருந்து பச்சை வருது, ஒரு விரல் நீளத்துக்குள்ளயே நாலஞ்சு விதமான பச்சை. வெளிச்சம் ஒண்ணு ஒண்ணரை ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப்னா பாதியாகும்), காடும் இருட்டு, அதனால ஐஎஸ்ஓ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்திறன், ஏத்தத்தான் வேணும். ஓடைத் தண்ணிய பட்டு மாதிரி எடுக்க, கருப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்ட மாதிரி வேலை செய்யற லைவ் என்டின்னு ஒரு வசதி கேமராலயே இருக்கு, கை நடுக்கத்த சரி பண்ற ஸ்டெபிலைசேஷனும் நல்லா இருக்கறதால அரை செகண்ட் வரைக்கும் கைலயே புடிச்சு எடுத்தேன், டிரைபாட் தூக்கற வேலையே இல்ல.

சைக்கிளுக்குன்னு பையோட தோள்பட்டை வார்ல கேமராவ மாட்டற ஒரு கிளிப்ப தனி காசு வாங்காம குடுத்தார். தீவோட மேற்குல செய்பு ரிந்தோன்னு ஒரு குறுகலான தார் ரோடு, 1993ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்த காட்டுக்குள்ளயே போகுது, நாகாதா ஊர தாண்டிட்டா குரியோ ஊர் வரைக்கும் ஒரு கடை கூட கிடையாது, ஏத்தமும் ஜாஸ்தி, தண்ணியும் சாப்பாடும் கைல இருக்கணும். குரங்குங்க ரோட்டுலயே உக்காந்து ஒண்ணுக்கொண்ணு பேன் பாத்துட்டு இருக்கும். ஒரு வளைவுல மரத்து மேல இருந்து குரங்கு பிச்சுப் போட்ட இலைய கீழ ஒரு குட்டி மான் நின்னு தின்னுட்டு இருந்துச்சு. சைக்கிள நிறுத்தி, காலை ஊனி, கிளிப்ல இருந்து கேமராவ கழட்டி எடுக்கற வரைக்கும் ரெண்டும் அசையல, பைக்குள்ள வச்சிருந்தா அந்த படம் கிடைச்சிருக்காது. தீனி மட்டும் போட்டுடாதீங்க, கூடவே கூடாது.

குறையும் இருக்கு. ஸ்பேர் பேட்டரி ஒண்ணுதான் குடுத்தாங்க, முழு நாள் நடைக்கு ரெண்டாவது வேணும், கேட்டா ஸ்டாக் இல்லன்னாங்க. டெபாசிட் திரும்ப வர ரொம்ப லேட், போன் பண்ணி பண்ணித்தான் வாங்கினேன், கடைல போன் எடுக்கற பொண்ணு ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு மேடம்"னே சொல்லிச்சு, இத கண்டிப்பா சரி பண்ணணும். ஞாயித்துக்கிழமை கடை லீவு, அதனால திங்கக்கிழமை ஃப்ளைட்னா சனிக்கிழமையே எடுத்து ஒரு நாள் வாடகை கூட குடுக்க வேண்டி வரும். வாரக்கணக்குல எடுத்தா ரேட்ட குறைக்கறாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண போட்டோகிராஃபர் கூட்டம் அள்ளும், அப்ப போகாதீங்க. வாரநாள் காலைல கடை தொறந்ததும் போனா அண்ணா உக்கார வச்சு நிதானமா பேசுவார்.