ஃபைனலில் பிடிப்பதா, லைனிலேயே பிடிப்பதா?

திருப்பூரின் ஏற்றுமதி யூனிட்களில் தரம் பார்க்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் பேக்கிங் முடிந்த பெட்டிகளைப் பிரித்து மேசையில் பரப்பி ‘ஃபைனல்’ பார்ப்பவர். இன்னொருவர் ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்கள் ஓடும் லைனுக்கு நடுவே நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பவர். செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால், “சும்மாதானே சுத்துறார்” என்று முதலில் கை வைப்பது நடக்கிறவர் மேல்தான். அங்கே கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் ஃபைனல். பையர்கள், அதாவது சரக்கை வாங்கும் கம்பெனிகள், பெரும்பாலும் கேட்பது ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5, எத்தனை பீஸ் பார்ப்பது என்று சொல்லும் பொது ஆய்வு நிலை 2. ஆர்டர் 5,000 டி-ஷர்ட் என்றால், அட்டவணைப்படி 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். 10 பழுது வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். 2.5 என்றதும், நூற்றுக்கு இரண்டரையைத் தாண்டினால் சரக்கு மாட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். 5,000-இல் 250 பீஸ் கெட்டுப்போன சரக்கு, அதாவது 5% பழுது, இந்தச் சோதனையில் பாஸாக ஏறக்குறைய 58% வாய்ப்பு இருக்கிறது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பழுது 7.5% ஆனால்தான் தப்பிக்கும் வாய்ப்பு 11% அளவுக்கு இறங்குகிறது.

அட்டவணையைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்க ராணுவக் கொள்முதலில் வளர்ந்த முறை அது, இன்றைய சர்வதேசத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 2859-1 அதன் வாரிசு. தோட்டாவைச் சுட்டுப் பார்த்தால்தான் வெடிக்கிறதா என்று தெரியும், எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் மாதிரி எடுத்தார்கள். சரக்கை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதுதான் அதன் வேலை. பழுது எந்த மெஷினில் பிறந்தது என்று அதைக் கேட்டால் பதில் வராது.

ஃபெயில் ஆன நாளை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெட்டியும் திறக்கும், பாலிபேக் கிழியும், ஒவ்வொரு பீஸும் மறுபடி செக்கிங், மறுபடி அயர்னிங். இதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டால், விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில்.

இனி லைன். நடக்கிறவர் ஒவ்வொரு டெய்லரிடமும், பெரும்பாலும் சுற்றுக்கு 7 பீஸ் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் பச்சை அட்டை, ஒன்று கெட்டிருந்தால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு; சிவப்பு விழுந்தால் மெஷின் நிற்க வேண்டும். ஊசி மழுங்கிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டுக்கான மெல்லிய பின்னல் துணியான சிங்கிள் ஜெர்ஸியில் மழுங்கிய ஊசி பின்னல் வளையத்தை விலக்காமல் நூலையே அறுத்துவிடும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. இழுத்துப் பார்த்தாலோ துவைத்தாலோதான் ஓட்டை வாயைத் திறக்கும். ஃபைனல் மேசையில் அயர்ன் செய்து மடித்த பீஸில் இது சுலபமாகத் தப்பிவிடும். லைனில் தையலை விரலால் இழுத்துப் பார்க்கிறவரிடம் தப்பாது. மணிக்கு 100 பீஸ் ஓடும் மெஷினை அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால், சேதம் 200 பீஸோடு நிற்கும். ஊசியை மாற்றினால் கதை முடிந்தது.

பழுது வந்ததும் மெஷினை நிறுத்தும் இந்த யோசனையைக் கார் கம்பெனிக்காரர்களின் சொத்து என்று நினைக்கிறோம். அதன் வேர் தறியில் இருக்கிறது. டொயோட்டா கார் கம்பெனியைத் தொடங்கியவரின் அப்பா சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம் ஊர் நிட்டிங் மெஷினும் நூல் அறுந்தால் விளக்கைப் போட்டு நிற்கிறது. துணி நெய்யும் இடத்தில் மெஷின் நிற்பதை ஒப்புக்கொள்கிறோம், தைக்கும் இடத்தில் நின்றால் முகம் சுளிக்கிறோம்!

சரி, லைன் முறை ஏன் எல்லா இடத்திலும் எடுபடவில்லை? சம்பள முறைதான் காரணம். ஷிப்ட் சம்பளத்தில் சிவப்பு அட்டை ஒரு தகவல். பீஸ் ரேட்டில் அதே அட்டை டெய்லரின் வயிற்றில் அடிக்கும். நாலாவது நாள் எல்லா அட்டையும் பச்சையாகிவிடும். மெஷின் நின்ற நேரத்துக்குக் கூலி உண்டு என்று முதலாளி சொல்லாதவரை அந்த அட்டையை நம்பாதீர்கள்.

இன்னொன்று, லைனில் இருப்பவருக்குத் தெரியாத பழுதுகளும் உண்டு: பெட்டியில் சைஸ் கணக்கு மாறுவது, பார்கோடு தப்பாக ஒட்டுவது, அயர்னிங்கில் விழும் கறை, தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு டையிங் லாட் கலந்து ஷேடு மாறுவது. இதற்கு ஃபைனல் இருந்தே ஆக வேண்டும். பையரும் அதில்லாமல் சரக்கை விடமாட்டார்.

ஒரு ஆளுக்குத்தான் பணம் இருக்கிறது, சொந்த லைன், ஷிப்ட் சம்பளம் என்றால், அவரை லைனில் நடக்க விடுவேன். ஃபைனல் நாளன்று மட்டும் அவரையே மேசைக்கு இழுத்துக்கொள்ளலாம்.

பவர்டேபிளில், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வெளி இடத்தில், ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு இது சரிப்படாது. லைன் உங்களுடையது இல்லை, டெய்லரும் உங்கள் ஆள் இல்லை. அங்கே முதல் பீஸைக் கையெழுத்துப் போட்டு மாதிரியாகக் கட்டிவைப்பது, நுனி உருண்ட பால்பாயின்ட் ஊசியை நீங்களே வாங்கிக் கொடுப்பது, அப்புறம் கால்வாசி தைத்ததும் ஒரு தடவை போய்ப் பார்ப்பது. அயர்னிங்குக்குப் போகும் முன்னால் பார்த்துவிட்டால், பிரிக்க வேண்டியது தையல் மட்டும்தான்.