தஞ்சாவூர் கலைக்கூடமும் நாங்கள் இருவரும்

தஞ்சாவூருக்கு வருபவர்கள் பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால்தான் அரண்மனைப் பக்கம் வருகிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமாகி இந்த ஊரில் குடியேறியதிலிருந்து, அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். 1951-இல் தொடங்கிய கூடம் அது. இத்தனை காலம் பழகியும் எனக்கு அலுக்கவில்லை.

கோவிலில் உற்சவரைப் பார்க்கும்போது பட்டும் மாலையும் போக முகம் மட்டும்தான் கண்ணில் படும். இங்கே அலங்காரம் இல்லாத செப்புத்திருமேனிகள். தோளின் வளைவு, இடுப்பின் ஒசிவு, விரல் நுனி எல்லாமே தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு உயிர், காளை வாகனத்தோடு நிற்கும் சிவனான ரிஷபவாகன தேவர். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர், ராஜராஜன் காலத்தவர், 1011-இல் செய்யப்பட்டவர். அவர் சாய்ந்து நிற்க வேண்டிய காளை இப்போது இல்லை. ஆனாலும் காலை மாற்றிப் போட்டு, கையை அந்தரத்தில் ஊன்றி அவர் நிற்கிற நிலையில் காளையின் உயரம்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, அதில் பாம்பையும் செருகியிருக்கிறார்கள். "இதைச் செய்த ஸ்தபதி எத்தனை பேர் மாட்டில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பான்!" என்பார் இவர். பக்கத்தில் இருக்கும் அம்மன் அடுத்த வருஷம் செய்யப்பட்டவள்.

எனக்கு அதே திருவெண்காட்டின் கல்யாணசுந்தரர்தான். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார். அவள் தலை லேசாகத் தாழ்ந்திருக்கிறது. தாரை வார்த்துக் கொடுக்க விஷ்ணுவும் லட்சுமியும் கூடவே நிற்கிறார்கள். புதுப்பெண்ணாக நின்று பார்த்தபோது எனக்கு அவளுடைய நாணம் மட்டுமே தெரிந்தது. இப்போது பிடித்திருக்கும் அந்தக் கையில் எவ்வளவு பதமான பிடி என்று பார்க்கிறேன். உலோகத்தில் அதைக் கொண்டுவர எப்படி முடிந்தது? மெழுகில் உருவம் செய்து, மேலே மண் அப்பி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை கைக்கு வரும். அதனால் அதே அச்சில் இன்னொன்று வார்க்க வழியே இல்லை. சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள். அங்கே ஒரு பட்டறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எனக்கு இந்தக் கூடத்தில் நிற்கும் நேரம் இரட்டிப்பானது.

தாராசுரத்துக் கற்சிலைகளையும் விட்டுவிடாதீர்கள். யானைத் தோலை உரித்துச் சுழலும் கஜசம்ஹாரமூர்த்தி ஒன்று போதும்.

முதல்முறை வருபவர்களுக்கு எங்கள் யோசனை: காலையில் வாருங்கள், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். பீடங்களையும் குனிந்து பாருங்கள். வீதியுலாவுக்குத் தூக்கிச் செல்லக் கம்பு செருகிய துளைகள் சிலவற்றில் இருக்கும். முடிந்தால் இன்னொரு நாள் சீர்காழிப் பக்கம் திருவெண்காட்டுக்கும் போய் வாருங்கள். புதன் தலம் என்று பரிகாரத்துக்கு வரும் கூட்டத்தில், இத்தனை அழகும் இந்தக் கோவிலுக்காகத்தானே வார்க்கப்பட்டது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே பிரகாரம் சுற்றியிருக்கிறோம்.