தானியமா, வெள்ளியா? பழைய இஸ்ரவேலில் எதைக் கொடுப்பது லாபம்?

ஆலயம் வெகுதூரத்தில் இருந்தால் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் கடவுளுக்கான பத்தில் ஒரு பங்கை, தானியமாகவே தூக்கிப்போவதா, விற்று வெள்ளியாக்கிக்கொள்வதா? பைபிளின் சட்ட நூலான உபாகமம், 14ஆம் அதிகாரத்தில் இந்தச் சிக்கலைத் தனியாகவே பேசி, வெள்ளியாக்கிக் கையில் எடுத்துப் போ, அங்கே போய் வேண்டியதை வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறது. நாணயம் புழக்கத்துக்கு வராத காலம், எனவே வெள்ளித் துண்டுகளை நிறுத்துத்தான் கொடுப்பார்கள்.

சுமை: தானியத்துக்குக் கழுதை வேண்டும். வெள்ளிக்குத் துணி முடிச்சு போதும்.

ஆயுள்: தானியத்துக்குப் புழு, எலி, ஈரம். வெள்ளிக்கு ஒன்றுமில்லை.

ஏமாற்று: இதில் இரண்டுமே மோசம்தான். வெள்ளியை நிறுக்கும் அளவான சேக்கல் ஏறக்குறைய 11 கிராம், அதைக் காட்டுவது ஒரு சின்ன எடைக்கல். பையில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு வைத்திருந்தால் வாங்கும்போதும் லாபம், விற்கும்போதும் லாபம், அதனால்தான் உபாகமம் 25 அதைத் தடை செய்கிறது. சரி, தானியம் மட்டும் யோக்கியமா? மரக்காலைக் குறைத்து, பதரையும் சேர்த்து விற்றவர்களைத் தீர்க்கதரிசி ஆமோஸ் வெளுத்து வாங்குகிறார்.

நிலம் வாங்க வெள்ளிதான். ஆனதோத் ஊரில் இருந்த நிலத்துக்குத் தீர்க்கதரிசி எரேமியா 17 சேக்கல் வெள்ளியைச் சாட்சிகள் முன் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். பெறுபவருக்குச் சாப்பாடுதான் தேவை என்றால் கதை வேறு: தீரு நகரத்து ராஜா ஈராம் அனுப்பிய கேதுரு மரத்துக்கு இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் வருஷாவருஷம் கொடுத்தது கோதுமையும் ஒலிவ எண்ணெயும்.