கொலோசியம் டிக்கெட் 36 யூரோ, நாங்கள் கட்டியது 118: ரோம் போகும் தம்பதிகளுக்கு ஒரு எச்சரிக்கை

ரோமில் பர்ஸ் பத்திரமாக இருக்கும்போதே காசு போய்விடும். கீழே வரும் இரண்டு பில்லும் எங்களுடையவை. ஒன்று கொலோசியம் டிக்கெட், மற்றது இருவர் சாப்பிட்ட ஓர் இரவுச் சாப்பாடு. இரண்டிலும் உண்மையான விலை எங்கோ சின்ன எழுத்தில் இருக்கத்தான் செய்தது. அது எங்கே இருக்கும், எப்படித் தேடுவது என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் டிக்கெட். கொலோசியம், ரோமன் ஃபோரம், பாலட்டைன் குன்று மூன்றுக்கும் சேர்த்து 24 மணி நேரம் செல்லும் சாதாரண டிக்கெட் 2025-ல் ஒருவருக்கு 18 யூரோ. 18 வயதுக்குக் கீழே இலவசம். இருவருக்கு 36. நாங்கள் வாங்கிய தளத்தில் கணக்கு இப்படிப் போனது: முதல் பக்கத்தில் தலைக்கு 49 என்று 98. அடுத்த பக்கத்தில் 'சேவைக் கட்டணம்' தலைக்கு 7, ஆக 112. கடைசிப் பக்கத்தில் 'ரத்துப் பாதுகாப்பு' என்று ஏற்கெனவே டிக் போட்டு வைத்த ஒரு கட்டம், தலைக்கு 3. மொத்தம் 118. பக்கத்தின் மேலே கொலோசியம் படம், மூலையில் 'இன்னும் 3 டிக்கெட்தான்' என்று மின்னும் சிவப்பு எழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, குக்கீ அறிவிப்புக்கு அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி: இது அருங்காட்சியகத்தோடு தொடர்பில்லாத தனியார் தளம்.

கையில் கிடைத்தது டிக்கெட்டுகூட இல்லை, வவுச்சர். குறித்த நேரத்துக்கு 30 நிமிடம் முன்னால் ஒரு சந்துக் கடைக்குப் போய் அதைக் கொடுத்து மாற்ற வேண்டும். காலை 10 மணி நுழைவுக்குப் பணம் கட்டியிருந்தோம், கிடைத்தது மதியம் 1.40 மணி நுழைவு. மாற்றித் தந்த தாளில் அச்சாகியிருந்த விலை 18.00. தளம் தந்த 'வரிசையைத் தாண்டலாம்' என்ற வாக்குறுதிக்கு ஒரே அர்த்தம்தான்: டிக்கெட் கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டாம். ஆன்லைனில் வாங்கிய யாருமே அந்த வரிசையில் நிற்பதில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையை எந்த டிக்கெட்டும் தாண்டாது.

இப்படிப்பட்ட தளங்களுக்குப் பிழைப்பு எங்கிருந்து வருகிறது? அசல் தளத்தில் டிக்கெட் 30 நாள் முன்னால்தான் திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்படித் தீர்வதில் தானியங்கி மென்பொருளுக்கும் பங்கு உண்டு. டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளி, வழிகாட்டி, வந்து அழைத்துப் போகும் பிக்கப் என்று எதையாவது ஒட்டி விற்றதற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் டிக்கெட் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் வருகையாளர் பெயர் கட்டாயம், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நமக்கு இது ஒரு நல்ல சோதனைக் கருவி: இருவர் பெயரையும் தனித்தனியாகக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிற தளம் டிக்கெட் விற்கவில்லை, வாக்குறுதி விற்கிறது. பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் அப்படியே போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் இனிஷியலும் அங்கே குழப்பம்தான்.

தளத்தின் முகவரியைப் பார்க்கும்போது கடைசிப் புள்ளிக்கு முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். கொலோசியத்தின் அசல் தளம் 'கொலோசேயோ டாட் ஐடி' என்று முடியும். நடுவில் கோடு, 'டிக்கெட்ஸ்', 'ரோம்', 'அஃபிஷியல்' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறு ஆள். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு இன்னும் சுலபம், முகவரி 'டாட் விஏ' என்று முடிய வேண்டும். அது வத்திக்கான் நாட்டுக்கே உரிய முடிவு, வெளியார் வாங்க முடியாது. அங்கே டிக்கெட் 20 யூரோ, ஆன்லைன் முன்பதிவுக்கு 5. தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அசல் தளம் அதற்குக் கீழே சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு 60, 70 யூரோ கேட்பது ஏமாற்று ஆகாது. ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுகிறார், அதற்குக் கூலி உண்டு. வழிகாட்டியே இல்லாத வெறும் நுழைவுக்கு அந்த விலை என்றால் எழுந்து போய்விடுங்கள்.

வத்திக்கானில் ஆளே வந்து விற்பார். ஒட்டாவியானோ மெட்ரோவிலிருந்து அருங்காட்சியகம் வரை நடக்கும் வழியெல்லாம் கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள், 'இன்று வரிசை மூன்று மணி நேரம்', 'வழி இந்தப் பக்கம்' என்பார்கள். அட்டையை அவர்களே அச்சடித்துக்கொண்டதாகக்கூட இருக்கலாம். புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவு இலவசம், அங்கேயும் இருப்பது சோதனை வரிசை மட்டுமே. அதற்கு 'நுழைவு டிக்கெட்' விற்க வருபவரிடம் பேச்சே வேண்டாம். மாதத்தின் கடைசி ஞாயிறு அருங்காட்சியகமே இலவசம், ஆனால் அன்றைய கூட்டத்தில் ஆற அமர எதையும் பார்க்க முடியாது. இலவசம் என்பதற்காக அந்த நாளை எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இனி சாப்பாடு. பில்லை அப்படியே தருகிறோம்:

பானே (ரொட்டி) 2 × 2.50 = 5.00
தண்ணீர் 1 பாட்டில் = 4.00
அந்திபாஸ்தோ (முதலில் வரும் சிறு தட்டு) = 18.00
ஸ்பீகோலா (மீன்) 11.5 × 8.00 = 92.00
பாஸ்தா = 14.00
உருளைக்கிழங்கு = 7.00
செர்விட்சியோ (சேவைக் கட்டணம்) 15% = 21.00
மொத்தம் 161.00

மெனுவில் மீனுக்கு எதிரே 8.00 என்றுதான் இருந்தது. பக்கத்தில் எறும்பு அளவில் 'ஆல்லெத்தோ'. எத்தோ என்றால் 100 கிராம். வந்தது 1,150 கிராம் மீன், இருவருக்கு அது தாராளத்துக்கும் மேல். ஊரில் மீன்கடையில் தராசைப் பார்க்காமல் காசு எடுக்க மாட்டோம், மேசை விரிப்பும் மெழுகுவர்த்தியும் இருந்தால் மட்டும் கூச்சம் வந்துவிடுகிறது. முழு மீன், இறால், ஃப்ளாரன்ஸின் பிஸ்தெக்கா (மாட்டிறைச்சித் துண்டு) எல்லாமே எடைக் கணக்குதான். 'எஸ்.க்யூ.' என்று விலைக்குப் பதிலாக இரண்டெழுத்து இருந்தாலும் அதே பொருள், அளவைப் பொறுத்து விலை. சமைப்பதற்கு முன்னால் மீனைக் காட்டச் சொல்லி, 'குவான்தோ பேசா?' (எடை எவ்வளவு), 'குவான்தோ வியேனே இன் துத்தோ?' (மொத்தம் எவ்வளவு ஆகும்) என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதச் சொன்னாலும் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் தொகை சின்னது. 2019-ல் ரோமில் இரண்டு ஜப்பானியப் பெண்களுக்கு, மீன் போட்ட இரண்டு தட்டு ஸ்பகெட்டிக்கும் தண்ணீருக்கும் வந்த பில் 429 யூரோ. அதில் டிப்ஸ் மட்டும் 80.

மற்ற வரிகள். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் கோப்பெர்த்தோ என்ற மேசைக் கட்டணத்துக்கு 2006-லிருந்து தடை, அதனால் கடைகள் ரொட்டிக்கு விலை போடுகின்றன. வேண்டாம் என்றால் கூடை மேசையில் வைக்கப்படும்போதே திருப்பி அனுப்ப வேண்டும், ஒரு துண்டு பிய்த்துவிட்டால் பேச இடமில்லை. ஃப்ளாரன்ஸ், வெனிஸில் கோப்பெர்த்தோ உண்டு, அங்கே மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். கேட்காமல் வந்த அந்திபாஸ்தோவை உபசாரம் என்று நினைத்தோம், 18 யூரோ. செர்விட்சியோ மெனுவில் அச்சாகியிருந்தால்தான் செல்லும். அதையும் வாங்கிக்கொண்டு கார்டு மெஷினில் டிப்ஸும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

காபிக் கடைகளில் நின்று குடிக்கும் விலை வேறு, உட்கார்ந்தால் வேறு. சதுக்கத்தைப் பார்த்த மேசை என்றால் மூன்று மடங்கும் ஆகும். இது ஊர் வழக்கம், ஏமாற்று அல்ல. கால் வலிக்கும் மாலையில் அந்தக் காசு தரலாம், தெரிந்து தர வேண்டும் அவ்வளவுதான்.

பணம் கட்டும் மெஷின் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்கும். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரரின் மெஷின் நிறுவனம், நம் வங்கி அல்ல. வித்தியாசம் 5 சதவீதத்திலிருந்து 10-க்கு மேலும் போகும். 161 யூரோவில் 10 சதவீதம் என்றால் 16 யூரோ. ரூபாயில் கட்டினாலும் வெளிநாட்டுக் கடை என்பதால் நம் ஊர் வங்கிகள் சில அதற்கும் ஒரு கட்டணம் போடுகின்றன. பரிமாறுபவர் நமக்கு உதவுவதுபோல் தானே பட்டனை அழுத்திவிடுவதும் உண்டு, மெஷினை வாங்கித் திரையைப் பார்த்து யூரோவைத் தொடுங்கள். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வேறு உருவில் வரும்: 'மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?' ஏற்கவில்லை என்று அழுத்தினாலும் பணம் வரும். நினைவுப்பொருள் கடை வாசலில் தனியாக நிற்கும் இயந்திரங்களை விட்டு, வங்கிக் கிளைச் சுவரில் இருப்பதைத் தேடுங்கள்.

தெருவில் நடப்பவை பழைய கதைகள், வேகமாகச் சொல்லிவிடலாம். கையில் கயிறு கட்ட வருபவருக்குக் கையைத் தராதீர்கள். ஃப்ளாரன்ஸில் நடைபாதையில் படங்களை விரித்திருப்பார்கள், மிதித்துவிட்டால் விலை கேட்பார்கள். ரோமின் டெர்மினி ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தருகே உதவ வருபவர் ரயில்வே ஊழியர் இல்லை. ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் பழைய மதில் சுவருக்கு உள்ளே வரை டாக்ஸி நிலைக் கட்டணம் 55 யூரோ, அது வண்டிக்கு, பெட்டிகளும் சேர்த்து. கதவில் 'ரோமா கபிதாலே' என்று எழுதிய வெள்ளை வண்டியாக வெளியே வரிசையில் நிற்பதையே எடுங்கள். வெனிஸில் கோண்டோலா பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, அதுவும் படகுக்கு. தலைக்கு 90 என்று சொல்பவரிடம் படித்துறையில் இருக்கும் விலைப் பலகையைக் காட்டுங்கள்.

புகார் விஷயத்தில் நிறைய எதிர்பார்க்க வேண்டாம். 14 நாளில் திருப்பித் தரலாம் என்ற ஐரோப்பிய விதி, தேதி குறித்து வாங்கிய பொழுதுபோக்கு டிக்கெட்டுக்குப் பொருந்தாது. ஓ.டி.பி. நாமே போட்டிருப்பதால் 'நான் செய்யாத செலவு' என்றும் வங்கியிடம் சொல்ல முடியாது. சொன்ன சேவை கிடைக்கவில்லை என்ற அடிப்படையில் மட்டுமே வங்கியிடம் புகார் எழுப்பலாம், அதற்கு பணம் கட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வவுச்சர், கைக்கு வந்த டிக்கெட்டின் படம் மூன்றும் வேண்டும். எங்களுக்கு நேரம் மாறியதை வைத்து எழுதினோம். 'உள்ளே போனீர்கள் அல்லவா' என்று வங்கி புகாரை மூடிவிட்டது.

சாப்பாட்டுக் கடையில் பணம் கட்டும் முன்பே பேசினால் கொஞ்சம் நடக்கும். மெனுவை மறுபடி கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம், செர்விட்சியோ எங்கேயும் இல்லை. அதைப் படம் எடுத்துக்கொண்டு, 112 அவசர எண்ணில் காவலரைக் கூப்பிடலாமா என்று சாதாரணமாகக் கேட்டதும் கல்லாவில் இருந்தவர் அந்த 21 யூரோவைப் பேனாவால் அடித்து 140 என்று எழுதினார். மீன் வரி அப்படியே நின்றது. எறும்பு எழுத்தில் 'ஆல்லெத்தோ' என்று போட்டிருந்தார்களே!