‘மட்டக்களப்பு ஸ்டேஷன் மாஸ்டரின் 1908 மணிக்கூடு’: பின்மூடியைத் திறக்காமல் காசு கொடுக்க வேண்டாம்

ஒமேகா. 1908ஆம் ஆண்டு. வெள்ளிக் கூடு. மெஷினில் அச்சுகளைத் தாங்கும் 15 கல். மட்டக்களப்பு ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் பாவித்தது. இந்த ஐந்தையும் சொல்லித்தான் அந்தப் பொக்கெட் மணிக்கூடு 78,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. பின்மூடியைத் திறந்து பார்த்தால் ஐந்தில் ஒன்றுகூட உண்மையில்லை. வாங்கியவர் ஓர் ஆசிரியர். விற்றவரின் போன் அன்றிரவே நின்றுவிட்டது.

முகநூலில் படம் போட்டு, நகரில் ஓர் இடத்தில் சந்திக்கச் சொல்லி, காசைக் கையில் வாங்கியிருக்கிறார். மூடியைத் திறந்து காட்டச் சொன்னதற்கு வந்த பதில்: “சேர், இது எங்கட அப்பப்பாட சாமான். திறக்கப்படாது, கடல் காத்துப் பட்டா மெஷின் நின்டுரும்.” கடல் காற்று கெடுக்கும் என்பது சரிதான். ஆனால் அது மாதக்கணக்கில் செய்யும் வேலை. ஐந்து நிமிடம் திறந்து பார்த்து மூடினால் எந்த மெஷினும் நிற்காது. திறக்கக் கூடாது என்று சொல்பவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூடியின் வெளியே பொறித்திருந்த எழுத்து: ‘சி.ஜி.ஆர். மட்டக்களப்பு 1908’. சி.ஜி.ஆர். என்றால் இலங்கை அரசாங்க ரயில்வே. மட்டக்களப்புக்கு ரயில் பாதை வந்தது 1928இல். தண்டவாளமே இல்லாத ஊரில் இருபது வருடத்துக்கு முன்னர் எந்த ஸ்டேஷன், எந்த மாஸ்டர்? எழுத்தின் ஓரமும் காட்டிக்கொடுக்கிறது. நூறு வருடம் சட்டைப்பையில் உரசிய பொறிப்பின் விளிம்பு மழுங்கியிருக்கும், பள்ளத்தில் கறுப்பு அழுக்கு இறுகியிருக்கும். இதில் விரல் நுனியை ஓட்டினால் விளிம்பு பிறாண்டுகிறது. அதே மூடியின் பிணைச்சலும் மேலே சங்கிலி மாட்டும் வளையமும் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. கூடு பழையது, எழுத்து புதியது.

டயல் அடுத்தது. அந்தக் கால வெள்ளை டயல், செப்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பரப்பிச் சூளையில் உருக்கிச் செய்த எனாமல். இலக்கங்களும் அதன் மேல் எழுதித் திரும்பச் சுட்டவை. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மேற்பரப்பு தண்ணீர் போல இலேசாக அலையும், இலக்கங்களின் கறுப்பும் பளபளக்கும். இந்த மணிக்கூட்டில் இருப்பது மெல்லிய உலோகத் தகட்டில் அச்சடித்த டயல். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் ஓரம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பழசு போலக் காட்ட ஒரு வெடிப்பும் வரைந்திருக்கிறார்கள்: உண்மையான எனாமல் வெடிப்பு இலக்கத்தையும் ஊடறுத்துக்கொண்டு போகும், இது ‘4’ என்ற இலக்கத்துக்கு முன்னால் நின்று, அடுத்த பக்கத்தில் திரும்பத் தொடங்குகிறது.

இனி மெஷின். 1908ஆம் ஆண்டு ஒமேகா என்றால் மெஷினில் பெயரும் ஏழு இலக்க எண்ணும் பொறித்திருக்கும். இதில் பெயரும் இல்லை, அந்த எண்ணும் இல்லை. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பலன்ஸ் சக்கரத்தின் கீழே தட்டில் அரம் ஓடிய கீறல்கள், அவற்றுக்கிடையில் சரியாக அழியாத ‘3602’. அது சோவியத் ரஷ்யாவின் மொல்னியா. செல்யாபின்ஸ்க் நகரில் 1947இல் உருவான தொழிற்சாலையின் மெஷின், சுவிஸ் கோர்ட்பெர்ட் கம்பனி மெஷினின் அமைப்பைப் பின்பற்றியது, 18 கல், மணிக்கு 18,000 துடிப்பு. மெஷினில் குற்றமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உறுதியானது, திருத்த இலேசானது, மொல்னியா என்று சொல்லி மொல்னியாவின் விலைக்கு விற்றால் நம்பி வாங்கலாம். உலகம் முழுக்க இலட்சக்கணக்கில் கிடப்பதாலும், 36 மில்லிமீற்றர் விட்டம் பல பழைய கூடுகளுக்குள் அடங்கிவிடுவதாலும் தான் ஏமாற்றுபவர்கள் இதையே எடுக்கிறார்கள். ஒமேகா, செனித், லொஞ்சின் என்று எந்தப் பெயரில் டயல் வைத்தாலும் உள்ளே இருப்பது இதுவே.

மெஷின் மாறியதைக் கூடே சொல்லும். மெஷினைக் கூட்டோடு பிடிக்கும் இரண்டு திருகுகளின் தலைகள், கூட்டின் உள்விளிம்பில் அரைவட்டத் தடம் பதிக்கும். இப்போது திருகுகள் நிற்கும் இடத்தில் ஒரு சோடி தடம், சற்றுத் தள்ளி வெறுமையாக இன்னொரு சோடி தடம் என்றால், முன்பு வேறொரு மெஷின் அங்கே இருந்தது. இதில் இரண்டு சோடியும் இருக்கின்றன. போதாததற்கு இடைவெளியை நிரப்ப ஒரு பித்தளை வளையமும் போட்டிருக்கிறார்கள்.

வெள்ளி என்ற பேச்சுக்கு ஆதாரம் உள்ளே குத்திய ‘0.800’ மட்டும். சுவிஸில் 1880 இறுதியில் வந்த சட்டத்தின் பின், வெள்ளிக் கூட்டில் எண்ணோடு அரசு முத்திரையும் வரும்: 0.800க்குக் காட்டுக்கோழி, 0.875க்கும் அதற்கு மேலும் கரடி. ஆங்கிலேயக் கூடு என்றால் நடக்கும் சிங்கம், அதனோடு ஊர் அடையாளம்: பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, செஸ்டருக்கு மூன்று கதிர்க்கட்டும் ஒரு வாளும். எண் மட்டும் தனியாக நின்றால் சந்தேகப்படுங்கள். இந்தக் கூட்டின் பிணைச்சல் ஓரத்தில் வெள்ளை தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. பித்தளைக்கு வெள்ளி முலாம். சந்தேகம் தீராவிட்டால் தெரிந்த பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் பாருங்கள், ஆனால் உள்விளிம்பில் மட்டும் உரைக்கச் சொல்லுங்கள். ‘ஜேர்மன் சில்வர்’, ‘நிக்கல் சில்வர்’, ‘சில்வராய்ட்’ என்ற எழுத்துகளில் வெள்ளி பெயரில்தான் உண்டு, உலோகத்தில் இல்லை. அமெரிக்கக் கூடுகளில் ‘20 வருட உத்தரவாதம்’ என்று இருந்தால் அது மேலே பொன் தகடு ஒட்டிய கூடு. முழுத் தங்கத்துக்கு யாரும் வருடக் கணக்கு எழுதுவதில்லை.

கல்லைப் பற்றியும் கொஞ்சம். மாணிக்கம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் நாட்டில் கை தானாகப் பணப்பையைத் தேடும். கல்லைத் துளைத்து அச்சுக்குத் தாங்கியாக வைக்கும் முறைக்கு லண்டனில் 1704இல் காப்புரிமை கொடுத்தார்கள். தேய்மானத்தைக் குறைப்பதற்கான வேலை அது, கல்லாக விற்றால் ஒன்றும் தேறாது. எண்ணிக்கைதான் முக்கியம். 7 கல்: பலன்ஸ் அச்சின் இரு முனைக்கும் துளைக்கல் இரண்டு, மூடுகல் இரண்டு, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பலெட் என்ற நெம்பில் இரண்டு, பலன்ஸ் அச்சில் இருந்து அந்த நெம்பைத் தட்டும் உருளையில் ஒன்று. பலெட், அது தடுத்து விடும் எஸ்கேப் சக்கரம், நாலாம், மூன்றாம் சக்கரங்களின் அச்சுகளுக்கு இரண்டிரண்டு சேர்ந்தால் 15. நடுச்சக்கரத்துக்கும் இரண்டு வந்தால் 17. மலிவான மெஷின்களில் கண்ணுக்குத் தெரியும் மேல்தட்டில் மட்டும் சிவப்புக் கல் பதித்து, டயலின் கீழே வெறும் பித்தளைத் துளையை விட்டிருப்பார்கள். மேலே எண்ணி இரண்டால் பெருக்கினால் ஏமாந்துவிடுவீர்கள்.

‘ரயில்வே மணிக்கூடு’ என்ற பெயரால்தான் இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் விழுகிறார்கள். மூடியில் புகைவண்டி செதுக்கியிருந்தால் அது ரயில்வே மணிக்கூடு ஆகாது. 1867இல் ரொஸ்கோஃப் என்பவர் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகும் விலையில், கல் பலெட்டுக்குப் பதிலாக இரும்பு ஊசி வைத்த மெஷினைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான்களில்தான் புகைவண்டிப் படம் மிக அதிகம். உண்மையான ரயில்வே தரம் அமெரிக்காவில் இறுகியது, 1891இல் ஒஹாயோவின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு: குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் வைத்துச் சரிபார்த்தது, கிழமைக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது, நேரம் மாற்றுவது சாவிக் குமிழால் அல்ல, கண்ணாடி வளையத்தின் கீழுள்ள சிறு நெம்பால். அப்படியொரு அசல் அமெரிக்க மணிக்கூடு, வோல்தமோ எல்ஜினோ, கையில் கிடைத்தால் குமிழை இழுத்து நேரம் வைக்கப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். அமெரிக்க மணிக்கூடுகளில் மெஷின் ஒரு கம்பனி, கூடு வேறொரு கம்பனி. அதனால் இரண்டின் எண்ணும் பொருந்தாமல் இருப்பது மோசடி அல்ல. வயதைச் சொல்வது மெஷினின் எண் மட்டும்.

வாங்கும்போது மட்டுமல்ல, திருத்தக் கொடுக்கும்போதும் இதே எண்தான் உங்களைக் காப்பாற்றும். வீட்டில் இருந்த நல்ல 15 கல் மெஷினைக் கொடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் 7 கல் மெஷினோடு திரும்பி வந்த மணிக்கூடு ஒன்றும் இதே மாதம் பார்வைக்கு வந்தது. கொடுத்தவர்களிடம் படமும் இல்லை, எண்ணும் இல்லை. கேட்கப் போனால் “நீங்க தந்ததே இதுதான்” என்ற பதில். கொடுக்க முன் பின்மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் மெஷின் எண், கல் எண்ணிக்கை, கூட்டின் முத்திரை மூன்றையும் எழுதி வாங்குங்கள். சாவி கொடுக்கும்போது முறுகும் மெயின் ஸ்பிரிங்கை மாற்றினால் பழையதைக் கையில் கேளுங்கள்.

‘செர்விஸ்’ என்ற பெயரில் காசு வாங்கி, மெஷினைக் கழற்றாமல் பெற்றோலில் ஒரு முறை முக்கி, மேலே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவதும் நடக்கிறது. இரண்டு கிழமை ஓடும். பிறகு எண்ணெய் தட்டு முழுக்கப் பரவி, தூசியை இழுத்துப் பசையாகி நிற்கும். எண்ணெய், பலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹெயார் ஸ்பிரிங்கில் பட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கூடு ஒரு நாளில் பல நிமிடம் முந்தி ஓடும். ஒழுங்கான வேலையில் முதலில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை மெதுவாக இறக்க வேண்டும். அதைச் செய்யாமல் பலெட்டைக் கழற்றினால் சக்கரங்கள் ஒரே பாய்ச்சலில் சுழன்று அச்சு முனை முறியும். பலன்ஸ், பலெட், சக்கரங்கள், ஸ்பிரிங் பெட்டி எல்லாம் தனித்தனியாகக் கழன்று கழுவப்பட வேண்டும். பலெட் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு. அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கல் கழன்றுவிடும். துளைகளைக் கூரிய மரக்குச்சியால் துடைத்து, வேகமான அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழல்பவற்றுக்குத் தடித்த எண்ணெய், கல்லில் உள்ள சிறு குழியில் அரைவாசி அளவுக்கு. பலெட் அச்சுக்கு எண்ணெயே கிடையாது.

வேலை நடந்ததா என்று லென்ஸில் பார்த்தாலே தெரியும்: பலன்ஸின் மூடுகல்லின் கீழே பழைய மஞ்சள் எண்ணெய் அப்படியே நின்றால் யாரும் கழற்றவில்லை. முழுச் சாவி கொடுத்து, டயலை மேலே வைத்து, டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் அல்லது போனில் உள்ள அதே வேலையைச் செய்யும் செயலியில் கேட்டுப் பாருங்கள். பலன்ஸின் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் சுழலும் அளவு, 250 பாகைக்கு மேல் இருந்தால் பழைய மணிக்கூட்டுக்கு நல்லது, 200க்குக் கீழே என்றால் காசு கொடுக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வாவியும் கடலும் சூழ்ந்த இந்த மண்ணில், கார்த்திகையிலிருந்து தை வரை மழைக்காலத்தில், மணிக்கூட்டை அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைக்காதீர்கள். மூடி இறுகும் தகரப் பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஹெயார் ஸ்பிரிங்கில் ஒரு துரும்பளவு துரு பிடித்தாலும் அந்த ஸ்பிரிங் போய்விட்டது.

பற்றுச்சீட்டு கையில் உள்ளவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். இந்த ஆசிரியரிடம் பற்றுச்சீட்டு இல்லை. விளம்பரத்தின் படமும் போனில் வந்த செய்திகளும் மட்டும் இருக்கின்றன, அவற்றை அழிக்காமல் பொலிஸ் முறைப்பாட்டோடு இணைத்திருக்கிறார்.

இதே ‘சி.ஜி.ஆர். மட்டக்களப்பு 1908’ பொறித்த இன்னொரு மணிக்கூடு இப்போது கல்முனைப் பக்கம் 65,000 ரூபாவுக்கு விலை பேசப்படுகிறது. படத்தில் டயலின் ‘4’ இலக்கத்தருகே அதே இடத்தில் அதே வெடிப்பு. முற்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.