விழிப்பிலிருந்து நேராகத் தெளிவுக் கனவுக்குள்: சில ஆண்டுப் பயிற்சியின் அனுபவம்

கனவு காண்கிறோம் என்பதைக் கனவுக்குள் இருக்கும்போதே அறிந்திருக்கும் நிலைதான் லூசிட் டிரீம் எனப்படும் தெளிவுக் கனவு. பெரும்பாலோருக்கு அது கனவின் நடுவே, நடக்க முடியாத ஏதோ ஒன்று கண்ணில் பட்டு, திடீரென்று தொடங்குகிறது. நான் சில ஆண்டுகளாகப் பழகிவருவது வேறு வழி. நினைவு அறுபடாமல், விழித்திருக்கும் நிலையிலிருந்தே கனவுக்குள் நுழையும் இம்முறையைப் பயிற்சியாளர்கள் 'வைல்ட்' (WILD, Wake-Initiated Lucid Dream) என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இது கைகூடுவது மனவலிமையைக் காட்டிலும் முயலும் நேரத்தைப் பொறுத்தது என்பதை அனுபவத்தில் உறுதியாகக் கண்டிருக்கிறேன்.

இரவில் படுத்தவுடன் முயல்வதால் ஏறக்குறைய எப்பயனும் இல்லை. உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. முதல் சுற்றில் உடல் ஆழ்ந்த உறக்கத்தையே நாடுவதால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் நினைவு மங்கிவிடும். கண்கள் விரைந்து அசையும் ரெம் உறக்கம், அதாவது தெளிவான கனவுகள் மிகுதியாக வரும் கட்டம், விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளுகிறது. ஆகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உறங்கிவிட்டு அலாரம் வைத்து எழுந்து, இருபது முப்பது நிமிடம் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, மீண்டும் படுப்பதே எனக்குப் பலன் தந்த ஒழுங்கு. அந்த இடைவெளியில் கைபேசியைத் தொடுவதில்லை. இரவு பத்து மணிக்குப் படுப்பவர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும். நள்ளிரவுக்குப் பின் உறங்குபவர்கள் முதலில் அந்த வழக்கத்தைச் சீர்செய்வது நல்லது.

மீண்டும் படுத்தபின் செய்ய வேண்டியது மிகக் குறைவு என்பதே இதன் கடினம். மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல எண்ணியபடி, உடல் உறங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். சற்று நேரத்தில் மூடிய இமைகளுக்குள் ஒளிப்புள்ளிகளும், பிறகு கோலம் போன்ற வடிவங்களும், அறிமுகமற்ற முகங்களும் தோன்றி மறையும். யாரோ அருகில் நின்று பாதி வாக்கியம் பேசியதுபோலக் குரல்கள் கேட்கும். இவற்றுள் ஒன்றை உற்றுப் பார்க்க முயன்றால் அது உடனே கலைந்துவிடுகிறது. கண்டுகொள்ளாமலே இருந்துவிட்டாலோ உறக்கம் இழுத்துக்கொள்கிறது. பார்த்தும் பாராததுமான அந்த நடுநிலையைப் பழகத்தான் எனக்கு மாதக்கணக்கில் பிடித்தது. எச்சில் விழுங்க வேண்டும் என்ற உந்துதலும், மூக்கு நுனியில் எழும் அரிப்பும் அந்நேரத்தில் பெரிதாகத் தெரியும். அடக்கிப் போராடுவதைவிட விழுங்கிவிட்டு மூச்சுக்குத் திரும்புவதே மேல்.

அடுத்து வரும் கட்டத்தில்தான் பலர் அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டு தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. கனவில் ஓடும்போது நம் கால்கள் படுக்கையில் ஓடாமல் இருப்பது அதனால்தான். நினைவு விழித்திருக்கையில் அந்தச் செயலிழப்பு வந்தால் மார்பில் பாரம், காதுக்குள் ரீங்காரம், உடலெங்கும் அதிர்வு, அறையில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு எல்லாம் தோன்றலாம். நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்று சொல்லப்படுவது இதே நிலைதான். காரணம் தெரிந்திருந்தாலும் முதல் சில முறை எனக்கு நெஞ்சு படபடத்தது. மூச்சுவிடும் உதரவிதானம் இந்தத் தடைக்குள் அடங்குவதில்லை என்பதையும், நிலை தானாகவே விலகும் என்பதையும் நினைவில் வைத்திருந்தது பெரிய துணையாக இருந்தது. எல்லா முறையும் இப்படி நேர்வதில்லை. பல நாள் அதிர்வே இல்லாமல், கண்முன் ஒரு தெரு விரிந்து, அதில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

நுழைந்தபின் மகிழ்ச்சியில் பரபரத்தால் கனவு சில நொடிகளில் கலையும். உள்ளங்கைகளைத் தேய்ப்பதும், அருகிலுள்ள சுவரைத் தொட்டுப் பார்ப்பதும் காட்சியை நிலைக்கச் செய்கின்றன. இதைவிட ஏமாற்றுவது போலி விழிப்பு: முயற்சி தோற்று எழுந்துவிட்டோம் என்று நினைப்போம், ஆனால் அந்த அறையே கனவாக இருக்கும். ஆகவே விழிக்கும் ஒவ்வொரு முறையும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பார்க்கிறேன். மூச்சு தடையின்றி வந்தால் இன்னும் கனவில்தான் இருக்கிறேன்.

இது வெறும் கற்பனை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய ஆய்வில், ஆலன் வோர்ஸ்லி என்பவர் உறங்கியபடியே, முன்பே பேசிவைத்த கண்ணசைவுகளால் கனவுக்குள்ளிருந்து சைகை தந்தார். கருவி அதைப் பதிவுசெய்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லபெர்ஜ் என்ற ஆய்வாளர் தனியாக இதே முடிவை எட்டினார்.

இதற்கு விலையாகப் போவது உறக்கம். இடையில் எழுந்தபின் மறுபடி உறக்கமே வராமல் விடிந்த நாட்கள் எனக்கு உண்டு, அந்நாள் முழுதும் தலை பாரமாகவே இருக்கும். அதனால் மறுநாள் விடுமுறையாக உள்ள இரவுகளில் மட்டும், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேற்படாமல் முயல்கிறேன். உறக்கமின்மையால் அவதிப்படுபவர்களும், பகலிலும் அடக்க முடியாத உறக்கம் வரும் நார்கோலெப்சி என்ற கோளாறு உள்ளவர்களும், மெய்யையும் மாயையையும் பிரித்தறிவதில் சிக்கல் தரும் மனநலப் பாதிப்புக்குச் சிகிச்சை பெறுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. மற்றவர்கள் கனவுக் குறிப்பேடு எழுதுவதிலிருந்து தொடங்கலாம். காலையில் ஒரு கனவையாவது தெளிவாக நினைவுகூர முடிந்தபின் அலாரம் வைத்தால் போதும்.